அமெரிக்க அதிபர் வேட்பாளரை எடை போடுவது எப்படி? எங்க அக்கா சொல்லிக்கொடுத்த பாடம்

கொஞ்சம் நீளமான த்ரெட் இது. நேரம் இருக்கும்போது படிங்க.

2028 அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு யார் யார் நிப்பாங்கன்னு இப்பவே பட்டியல் சுத்த ஆரம்பிச்சிருச்சு. "டாக்டர், யாருக்கு சான்ஸ்?"னு இன்பாக்ஸ்ல நாலஞ்சு பேர் கேட்டுட்டாங்க.

நான் எம்பிபிஎஸ் முடிச்சிட்டு அரசு மருத்துவமனையில் வேலை பார்க்கிற டூட்டி டாக்டர். அரசியல் நிபுணர் கிடையாது. ஆனால் இதே கேள்விக்கு 2019-ல் இரண்டு முறை தப்பான பதில் சொல்லி, இரண்டு முறையும் எங்க அக்காகிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டவன். அந்தக் கதையைச் சொல்றேன். கேட்ட கேள்விக்கு என்கிட்ட இருக்கிற ஒரே பதில் அதுதான்.

முதலில் ஒரு சின்ன விளக்கம், தெரியாதவர்களுக்காக.

நம்ம ஊரில் யார் வேட்பாளர் என்பதைக் கட்சித் தலைமை முடிவு செய்து பட்டியல் வெளியிடும். அமெரிக்காவில் அதையே மக்கள் ஓட்டுப் போட்டு முடிவு செய்கிறார்கள். மாநிலம் மாநிலமாக, மாதக்கணக்கில் நடக்கும். இதுதான் பிரைமரி. சில மாநிலங்களில் வாக்குப்பெட்டிக்குப் பதிலாக ஊர்க்கூட்டம் மாதிரி கூடி முடிவெடுப்பார்கள். அதற்குப் பெயர் காக்கஸ். அப்படி வருஷக்கணக்காக முதல் ஆளாகக் கூடிவந்த மாநிலம் அயோவா.

எங்க பெரியம்மா மகள் அங்கேதான் இருக்கிறாள். தலைநகர் டெமாய்ன் பக்கத்தில். அந்த ஊர் இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்குப் பேர் போனது. மாமாவுக்கும் ஒரு மருத்துவக் காப்பீட்டு நிறுவனத்தில் கம்ப்யூட்டர் வேலை. 2018-ல் இருவருக்கும் குடியுரிமை கிடைத்தது. 2020-ல் அக்கா முதல் முறையாக ஒரு அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கப் போகிறாள்.

2019 ஜூன் கடைசி. மயாமியில் ஜனநாயகக் கட்சியின் முதல் விவாதம். மொத்தம் 20 பேர், ஒரு மேடையில் கொள்ளாது என்று இரவுக்கு 10 பேராக இரண்டு இரவு. இரண்டாம் நாள் கமலா ஹாரிஸ் ஜோ பைடனை நேருக்கு நேர் மடக்கினார். நமக்கு அது மறுநாள் காலை. ஓபி தொடங்கும் முன்னாடி செல்போனில் பார்த்துட்டு, உடனே அக்காவுக்கு போன் போட்டேன்.

"அக்கா, கமலாவுக்குப் போடு. நம்ம மன்னார்குடி பக்கம் துளசேந்திரபுரம்தான் அவங்க தாத்தா ஊரு. நம்ம ஊருப் பொண்ணு ஜெயிச்சா எப்படி இருக்கும்!"

அக்கா சிரிக்கவே இல்லை.

"தம்பி, எனக்கு சொந்தம் தேட வேண்டியதில்ல. உன் மருமகனுக்கு இன்சுலின் வாங்கணும். அதைப் பத்தி யாரு என்ன சொல்றாங்கன்னு பாத்துச் சொல்லு. நீ டாக்டருதானே?"

மருமகனுக்கு முதல் வகை சர்க்கரை நோய். ஆறு வயதில் கண்டுபிடித்தது. அப்போது ஒன்பது வயது. கணையம் இன்சுலின் சுரக்காது. ஊசி போட்டே ஆகணும். ஓரிரு நாள் இல்லாமல் போனாலே ரத்தம் அமிலமாகி ஐசியு வரை போய்விடும்.

அன்றைக்குத்தான் அக்கா இன்னொன்றையும் சொன்னாள். அவர்களுடைய காப்பீட்டில் ஒவ்வொரு ஜனவரியும் கணக்கு பூஜ்யத்தில் இருந்து தொடங்கும். குறிப்பிட்ட தொகை வரை கைக்காசு போட்ட பிறகுதான் இன்சூரன்ஸ் கொடுக்கும். அவனுக்குப் போடும் வகை இன்சுலினுக்கு அப்போது ஒரு குப்பி 275 டாலர் அளவில் விலை. அன்றைய மதிப்பில் 19,000 ரூபாய். மாதத்துக்கு இரண்டு குப்பி.

"ஜனவரியில திறந்த குப்பிய 28 நாள் முடிஞ்சும் தூக்கிப் போடல. இன்னும் பத்து நாள் ஓட்டினேன். டோஸைக் குறைக்கல தம்பி, சத்தியமா."

எனக்குப் பேச்சே வரவில்லை.

அதே நாள் எங்கள் மருத்துவமனையில் ஒரு அம்மா பையனுக்கு இன்சுலின் வாங்க வந்திருந்தார். அவர் கொடுத்த காசு பூஜ்யம். வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லை, மண்பானையில் ஈரத்துணி சுத்தி வையுங்க என்று சொல்லி அனுப்பினோம். நாங்கள் கொடுப்பது பழைய வகை மனித இன்சுலின். அக்கா மகனுக்குப் போடுவது புதிய வகை. அந்த வித்தியாசம் உண்மைதான். ஆனாலும் காலாவதியான குப்பியை வைத்து ஓட்ட வேண்டிய நிலைமை இங்கே அந்த அம்மாவுக்கு இல்லை.

அன்று இரவு டூட்டி ரூமில் நோட்டை எடுத்துக்கிட்டு உட்கார்ந்தேன்.

முதலில் நான் செய்த தப்பை நானே புரிஞ்சுக்கணும். காய்ச்சல் வந்த முதல் நாளே ரத்தப் பரிசோதனை எடுத்துட்டு வந்து, "பிளேட்லெட் நார்மல்தான் டாக்டர், டெங்கு இல்லதானே?" என்று கேட்பவர்கள் உண்டு. முதல் நாள் தட்டணுக்கள் பெரும்பாலும் நார்மலாகத்தான் இருக்கும். காய்ச்சல் விடும் நேரத்தில், நாலாவது, அஞ்சாவது நாள் வாக்கில்தான் சரியும். முதல் நாள் எண்ணிக்கை பொய் இல்லை. நாம் கேட்கிற கேள்விக்கு அது பதில் இல்லை, அவ்வளவுதான்.

பிரைமரி தொடக்கத்தில் வரும் கருத்துக்கணிப்பும் அப்படித்தான். பெரும்பாலும் யார் பெயர் தெரியும் என்பதைத்தான் அது அளக்கிறது.

2007-ல் குடியரசுக் கட்சியில் பெரும்பாலான மாதங்கள் முன்னணியில் இருந்தவர் நியூயார்க் முன்னாள் மேயர் ரூடி ஜூலியானி. ஒரு மாநிலம்கூட ஜெயிக்காமல் 2008 ஜனவரியில் விலகினார். அதே 2007-ல் அந்தப் பக்கம் ஹிலாரி கிளின்டன் முன்னணி, ஜெயித்தது ஒபாமா. 2015-ல் ஜெப் புஷ்ஷுக்கு ஆதரவான அமைப்பு ஆறே மாதத்தில் 10 கோடி டாலருக்கு மேல் திரட்டியது. மூன்று மாநிலங்கள் முடிந்ததும் ஆள் வீட்டுக்குப் போய்விட்டார். 1976-ல் "ஜிம்மியா, யாரு அது?" என்று கேலி செய்யப்பட்ட ஜிம்மி கார்ட்டர் அதிபரே ஆனார்.

கமலா ஹாரிஸ் 2019 ஜனவரியில் ஓக்லாந்தில் பிரசாரம் தொடங்கியபோது சுமார் 20,000 பேர் கூடினார்கள் என்றார்கள். டிசம்பர் 3-ஆம் தேதி, ஒரு ஓட்டுகூட விழும் முன்பே விலகினார். நான் அக்காவுக்கு எழுதிக்கொடுத்த "மருந்துச் சீட்டு" ஆறு மாதம்கூடத் தாங்கவில்லை.

சரி, நோட்டுக்கு வருவோம். அதில் எழுதிய கேள்விகள் என்னுடையவை இல்லை. அக்கா போனில் ஒவ்வொன்றாகச் சொன்னவை.

ஒன்று: அடுத்த ஜனவரியில் என் பில் மாறுமா?

இரண்டு: இதுக்கு முன்னாடி இருந்த பதவியில இதே விஷயத்தில் என்ன செஞ்சிருக்காரு?

மூணு: கேள்வி கடுமையானப்போ பேச்சு மாறுச்சா?

நாலு: சட்டம் பாஸ் பண்ண ஓட்டுக்கு எங்க போவாரு?

நாலாவது கேள்விக்குப் பின்னணி இது. அமெரிக்க செனட்டில் 100 பேர். பாதிக்கு மேல் ஆதரவு இருந்தால் போதாது. பெரும்பாலான மசோதாக்களுக்கு எதிர்த்தரப்பு முட்டுக்கட்டை போட்டால் 60 பேர் வேண்டும். அதிபராக யார் வந்தாலும் இந்த 60-ஐத் தாண்டணும்.

நான் போட்ட அட்டவணை ஏறக்குறைய இப்படி வந்தது.

பெர்னி சாண்டர்ஸ்: தனியார் மருத்துவக் காப்பீட்டை எடுத்துவிட்டு எல்லாருக்கும் ஒரே அரசுக் காப்பீடு, நாலு வருஷத்தில். பேச்சு மாறவே இல்லை. ஒபாமாவின் 2010 சட்டத்தில் ஏழைகளுக்கான சமூக நல மருத்துவ மையங்களுக்கு 1,100 கோடி டாலர் வாங்கிக் கொடுத்ததில் அவர் பங்கு பெரியது. 2019 ஜூலையில் சர்க்கரை நோயாளிகளோடு பஸ்ஸில் கனடாவுக்கே போய், அங்கே இன்சுலின் எவ்வளவு மலிவு என்று காட்டினார். 60 ஓட்டு? அந்தக் கட்டம் காலி.

எலிசபெத் வாரன்: இவரும் அதே திட்டம். நவம்பரில் செலவுக் கணக்கையே வெளியிட்டார்: பத்து வருஷத்துக்குக் கூடுதலாக 20.5 லட்சம் கோடி டாலர். ஆனால் இரண்டே வாரத்தில், முதலில் விருப்பப்பட்டவர்களுக்கு, முழுத் திட்டம் மூன்றாவது வருஷத்தில் என்று இரண்டு கட்டமாகப் பிரித்தார்.

கமலா ஹாரிஸ்: ஜனவரியில், அதுவும் டெமாய்ன் நகரிலேயே நடந்த நிகழ்ச்சியில், தனியார் காப்பீட்டை ஒழிக்கலாம் என்றார். ஜூன் விவாதத்தில் கை தூக்கினார், மறுநாள் கேள்வியைத் தப்பாகப் புரிந்துகொண்டேன் என்றார். ஜூலை கடைசியில் தனியாருக்கும் இடம் உள்ள, 10 வருஷத்தில் நடக்கும் வேறு திட்டம் கொடுத்தார். மூன்றாவது கேள்வியில் பெரிய அடி.

பைடன், பீட் பட்டிஜெஜ், ஏமி குளோபசார்: மூவரும் ஏறக்குறைய ஒரே கருத்து. இருப்பது இருக்கட்டும், விரும்புபவர் அரசுக் காப்பீட்டில் சேரட்டும். பைடன் 2010 சட்டம் வந்தபோது துணை அதிபர். பட்டிஜெஜ் சுமார் ஒரு லட்சம் பேர் வாழும் ஒரு ஊரின் மேயர், அவ்வளவுதான். குளோபசார், முதியோருக்கான மெடிகேர் திட்டம் மருந்துக் கம்பெனிகளோடு விலை பேச அனுமதிக்கணும் என்று வருஷக்கணக்காக மசோதா போட்டுக்கொண்டிருந்தவர்.

இதையெல்லாம் எழுதிட்டு, கடைசியில் நான் என்ன செய்தேன் தெரியுமா? நாலாவது கட்டம் காலியாக இருந்தும், "அக்கா, சாண்டர்ஸுக்குப் போடு"ன்னேன்.

மனசு அங்கேதான் இருந்தது. நான் வேலை பார்ப்பதே காசு வாங்காத ஆஸ்பத்திரி. அது முடியும் என்று தினமும் கண்ணால் பார்க்கிறேன்.

அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"உன் ஆஸ்பத்திரிய வச்சு என் நாட்டை எடை போடாத. மாமா வேலையே இன்சூரன்ஸ்லதான், அது தெரியும்ல? நாலு வருஷம் கழிச்சு எல்லாம் நல்லா இருக்கும்னு சொல்ற. நடுவுல நாலு ஜனவரி வருது. 60 ஓட்டு எங்கேன்னு கேட்டேன், பதில் சொன்னியா?"

நானும் விடவில்லை. "எல்லாரும் இப்படியே பயந்தா எதுவும் மாறாது. உன் பையனை மட்டும் பாக்கிற நீ"ன்னு சொல்லிட்டேன்.

சொல்லியிருக்கக் கூடாது. மூன்று வாரம் அக்கா போன் எடுக்கவில்லை. பொங்கலுக்கு நானே கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். "விடு. ஆனா காக்கஸ் அன்னைக்கு நீ வாயே தொறக்கக் கூடாது"ன்னா.

2020 பிப்ரவரி 3, அயோவாவில் இரவு 7 மணி. நமக்கு மறுநாள் காலை ஆறரை. நைட் டூட்டி முடியும் நேரம். வார்டு ரவுண்ட்ஸுக்கு நடுவில் அக்காவிடமிருந்து வரிசையாக மெசேஜ்.

பள்ளிக்கூட விளையாட்டு அரங்கம். ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு மூலை. பிடித்தவர் மூலையில் போய் நிக்கணும். ரகசிய ஓட்டு கிடையாது. பக்கத்து வீட்டுக்காரர், பையனோட டீச்சர் எல்லாரும் பார்க்க நிக்கணும். வந்தவர்களில் 15 சதவீதம் சேராத மூலை கலைந்துவிடும். அங்கே நின்றவர்கள் வேறு மூலைக்குப் போகலாம்.

அக்கா முதலில் குளோபசார் மூலையில் நின்றாள். ஐந்து பேர் குறைவு. கலைந்தது. பைடன் மூலையும் தேறவில்லை. சாண்டர்ஸ் மூலையிலிருந்து ஒரு காலேஜ் பையன் வந்து கூப்பிட்டானாம். அவனுக்கும் முதல் வகை சர்க்கரை நோய், இடுப்பில் இன்சுலின் பம்ப். "அவன் முகத்தைப் பாத்து முடியாதுன்னு சொல்றதுதான் தம்பி ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு"ன்னு எழுதினாள். கடைசியில் பட்டிஜெஜ் மூலைக்குப் போனாள்.

அன்று இரவு முடிவு வரவில்லை. எண்ணிக்கையை அனுப்பும் ஆப் சொதப்பிவிட்டது. பிறகு வந்த கணக்கில் பட்டிஜெஜும் சாண்டர்ஸும் மயிரிழை வித்தியாசத்தில் முன்னால். பைடன் நாலாவது. அடுத்த வாரம் நியூ ஹாம்ப்ஷயரில் ஐந்தாவது. "பைடன் கதை முடிஞ்சது"ன்னு நானே ட்வீட் போட்டேன். இன்னும் இருக்கு, தேடினால் கிடைக்கும்.

பிப்ரவரி 29 தெற்கு கரோலினாவில் பைடன் பாதிக்குப் பாதி ஓட்டு அள்ளினார். மார்ச் 1 பட்டிஜெஜ் விலகினார், மார்ச் 2 குளோபசார். மார்ச் 3 ஒரே நாளில் 14 மாநிலங்கள். 10-ஐ பைடன் ஜெயித்தார். நாலே நாளில் எல்லாம் தலைகீழ். அக்கா நின்ற இரண்டு மூலையும் இப்போது இல்லை.

"அப்போ அக்கா எடை போட்டது வீண்தானே?"ன்னு கேட்பீங்க. நானும் கேட்டேன். அதற்குப் பதில் இரண்டரை வருஷம் கழித்து வந்தது.

2022 ஆகஸ்ட். செனட்டில் பணவீக்கக் குறைப்புச் சட்டம். மெடிகேரில் உள்ள முதியோருக்கு இன்சுலின் மாதம் 35 டாலருக்கு மேல் போகக் கூடாது என்று அதில் ஒரு பிரிவு. குளோபசார் கேட்டுக்கொண்டே இருந்த மருந்து விலைப் பேரமும் அதில் இருந்தது. இது பட்ஜெட் வழிமுறையில் வந்ததால் பாதி ஓட்டே போதும். 50-க்கு 50. சமநிலையை உடைத்த கடைசி ஓட்டு, துணை அதிபர் கமலா ஹாரிஸ் போட்டது.

ஆமாம், நம்ம ஊர் பேத்திதான்.

ஆனால் தனியார் காப்பீட்டில் இருப்பவர்களுக்கும், அதாவது என் மருமகன் மாதிரிப் பிள்ளைகளுக்கும், அதே 35 டாலர் வரம்பு வேண்டும் என்ற பிரிவை பட்ஜெட் வழியில் சேர்க்க முடியாது என்றார்கள். அதற்குத் தனியாக 60 ஓட்டு வேண்டும். ஏழு குடியரசுக் கட்சியினர்கூட ஆதரித்தார்கள். விழுந்தது 57.

மூன்று ஓட்டு குறைவு. பிரிவு நீக்கப்பட்டது.

அந்தச் செய்தியைப் பார்த்தபோது என் பழைய நோட்டில் காலியாக விட்ட அந்த நாலாவது கட்டம்தான் ஞாபகம் வந்தது. அக்காவுக்கு மெசேஜ் போட்டேன்: "57".

பதில் வந்தது: "பாத்தேன். இந்த ஜனவரியும் அதே கதைதான்."

அடுத்த வருஷம், 2023 மார்ச்சில், பெரிய இன்சுலின் கம்பெனிகள் ஒன்றன்பின் ஒன்றாக விலைக் குறைப்பை அறிவித்தன. மருமகனுக்கு அப்போது 13 வயது. அதற்கடுத்த ஜனவரியில்தான் அக்கா குப்பியில் நாள் எண்ணுவதை விட்டாள்.

அக்கா சொன்னதுதான் முழுக்கச் சரி என்று நான் சொல்ல வரவில்லை. முழுசாகக் கேட்டவர்கள் ஊரைக் கூட்டிச் சத்தம் போட்டதால்தான் 35 டாலராவது பேச்சுக்கு வந்தது என்று இன்றைக்கும் நம்புகிறேன். கனடாவுக்கு பஸ் போகாமல் இருந்திருந்தால் இன்சுலின் விலை தலைப்புச் செய்தி ஆகியிருக்குமா? இதில் எனக்கும் அக்காவுக்கும் இன்னும் சண்டை உண்டு. இப்போது போன் மட்டும் எடுக்கிறாள்.

ஆனால் எடை போடும் முறையில் அவள் என்னைவிட நல்ல டாக்டர். நான் ஆளைப் பார்த்தேன். முதலில் ரத்த சொந்தம் பார்த்தேன், அப்புறம் என் கொள்கைக்கு ஒத்துப்போகிற ஆளைப் பார்த்தேன். அவள் தன் வீட்டில் இருக்கிற நோயைப் பார்த்தாள்.

அதனால் 2028 பற்றிக் கேட்ட நண்பர்களே, யாருக்கு சான்ஸ் என்று எனக்குத் தெரியாது. சட்டப்படி டிரம்ப் மூன்றாவது முறை ஜெயிக்க முடியாது, அதனால் இரண்டு பக்கமும் மேடை நிறைய ஆட்கள் வருவார்கள். முதல் நாள் ரிப்போர்ட்டை நீட்டி யாராவது "இவர்தான்" என்று சொன்னால், நாலாவது நாள் மறுபடி வாங்க என்று சொல்லிவிடுங்கள்.

அங்கே ஓட்டு இருக்கிற சொந்தபந்தம் உங்களுக்கு இருந்தால், யாருக்குப் போடணும்னு நீங்கள் சொல்லாதீர்கள். "உங்க வீட்டுல எந்தப் பில்லு பெருசா வருது?"ன்னு கேளுங்க. அப்புறம் அக்காவோட நாலு கேள்வியை அனுப்பி வையுங்க.

மருமகன் நலம். இந்த முறை அயோவாவில் எப்போது, எப்படி நடந்தாலும் அவனுக்கும் ஓட்டு உண்டு. 18 வயது ஆகிவிடும். யாருக்குப் போடப் போறன்னு போன வாரம் கேட்டேன்.

"மாமா, அம்மா உங்ககிட்ட இதைப் பத்திப் பேசக் கூடாதுன்னு சொல்லிருக்காங்க"ன்னான்.

சரிதான்.

டூட்டிக்கு நேரமாச்சு.